காட்டிக் கொடுப்பதா, கடமையைச் செய்வதா?



தமிழ்ப்பள்ளிக்கு அருகில் ஒரு கணினிக் கடை. உரிமையாளர் நம்மவர், அதே பள்ளியில் படித்தவராகவும் இருக்கலாம். மடிக்கணினி வாங்க வரும் பெற்றோருக்கு விண்டோஸ், ஆபீஸ், படம் திருத்தும் மென்பொருள், தமிழ் எழுத்துருக்கள் என அனைத்தையும் ஐம்பது வெள்ளிக்குள் 'போட்டுக்' கொடுத்துவிடுகிறார். எதற்கும் உரிமம் கிடையாது. பள்ளியின் கணினிக்கூடத்தைப் பழுது பார்ப்பவரும் அவரே. விளையாட்டுப் போட்டி நாளில் பரிசுக் கிண்ணங்களுக்கு நன்கொடை தருபவரும் அவரே. இப்படி ஒரு கடையைக் கற்பனை செய்யத் தேவையில்லை. நம் நாட்டில் பல சிற்றூர்களில் இத்தகைய கடை இருக்கிறது.

இவர்மீது அதிகாரிகளிடம் முறையிடலாமா? ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வியை எழுப்பிப் பாருங்கள். "நமக்கேன் வீண் வம்பு?" என்பதுதான் முதலில் வரும் மறுமொழி. "பெரிய நிறுவனத்திற்கு இதனால் என்ன நட்டம்?", "ஏழைப் பிள்ளைகள் பிறகு எங்கே போவார்கள்?", "நம்மவரையே நாம் காட்டிக் கொடுப்பதா?" என்பவை அடுத்தடுத்து வரும்.

என் மறுமொழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையிடத்தான் வேண்டும். ஆனால், அதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய கடமைகள் இரண்டு உள்ளன. அவற்றைச் செய்யாமல் முறையிடுவது நேர்மையாகாது. அவற்றைச் செய்த பின்னும் முறையிடாமல் இருப்பது அதைவிடப் பெரிய நேர்மைக்கேடு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயரிலேயே தொடங்கும் ஏமாற்று

மலாய் மொழியில் இதற்குச் 'செத்தாக் ரோம்பாக்' என்று பெயர். 'செத்தாக்' என்றால் அச்சிடுதல். 'ரோம்பாக்' என்றால் கொள்ளையடித்தல். தெருவில் நடந்தாலும் கடையில் நடந்தாலும் கொள்ளை கொள்ளைதான் என்று அந்தச் சொல்லே முகத்திற்கு நேராகச் சொல்லிவிடுகிறது. தமிழில் நாம் எப்படிப் பேசுகிறோம்? "காப்பி போட்டுக் கொடுத்தார்", "டூப்ளிகேட்தான், நன்றாகவே ஓடுகிறது" என்கிறோம். கள்ளப் பதிப்பு என்ற சொல் நம்மிடம் இருந்தும் அதை நாவில் எடுப்பதில்லை. பெயரை மாற்றிவிட்டால் செயலும் மாறிவிடும் என்று நம்புகிறோம்.

திருக்குறளில் கள்ளாமைக்கென்று தனி அதிகாரமே இருக்கிறது. அதை வகுப்பில் விளக்குகிறோம். மனனம் செய்ய வைக்கிறோம். திருக்குறள் போட்டியில் ஒப்புவிக்கும் பிள்ளைக்குப் பரிசும் கொடுக்கிறோம். அந்தப் போட்டிக்கான நற்சான்றிதழைக் கள்ள மென்பொருளில் வடிவமைத்து அச்சிட்டுக் கொடுக்கிறோம் என்றால், பிள்ளைக்கு நாம் எதைக் கற்பிக்கிறோம்? குறள் மேடைக்கு, கணினி வீட்டுக்கு என்று பிள்ளை பிரித்துக்கொள்ளும். பாடநூலில் இல்லாத அந்தப் பாடத்தைத்தான் அது வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் நடப்பில் இருப்பது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். தமிழாசிரியர்கள் அதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தச் சட்டம் கணினி நிரல்களை 'இலக்கியப் படைப்பு' என்னும் வகையில் சேர்த்திருக்கிறது. கவிதை, கதை, கட்டுரை, நாடகம் எந்த வரிசையில் நிற்கின்றனவோ அதே வரிசையில்தான் மென்பொருளும் நிற்கிறது. ஒரு கவிஞரின் நூலைத் திருட்டுத்தனமாக அச்சிட்டு விற்பவரைக் கண்டால் நாம் கொதித்தெழுவோம். மென்பொருள் என்றதும் அந்தக் கொதிப்பு எங்கே போய்விடுகிறது?

அச்சட்டத்தின் 41ஆம் பிரிவு தண்டனையைச் சொல்கிறது. கள்ளப்படிகளை விற்பவருக்கு ஒவ்வொரு படிக்கும் 2,000 ரிங்கிட்டிற்குக் குறையாமலும் 20,000 ரிங்கிட்டிற்கு மிகாமலும் தண்டம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அதே குற்றம் செய்தால் படி ஒன்றுக்கு 4,000 முதல் 40,000 ரிங்கிட் வரை தண்டமும் பத்தாண்டு வரை சிறையும் விதிக்கலாம். 'ஒவ்வொரு படிக்கும்' என்பதை மீண்டும் ஒருமுறை படியுங்கள். கடையில் ஐம்பது படிகள் அகப்பட்டால் மிகக் குறைந்த தண்டமே ஒரு லட்சம் ரிங்கிட். சிறிய கடை ஒன்று அதோடு முடிந்துவிடும். முறையிடுவது விளையாட்டுச் செயல் அன்று என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இன்னொன்றும் உண்டு. விற்பவர் மட்டுமல்லர், தம் சொந்த, இல்லப் பயன்பாட்டிற்கு அல்லாமல் கள்ளப்படியை வைத்திருப்பவரும் அதே பிரிவின்கீழ்க் குற்றவாளியே. ஒரே படைப்பின் கள்ளப்படிகள் மூன்றோ அதற்கு மேலோ ஒருவரிடம் இருந்தால், அவை சொந்தப் பயன்பாட்டிற்கானவை அல்ல என்றே சட்டம் கருதிக்கொள்ளும். இருபது கணினிகள் கொண்ட பள்ளிக் கணினிக்கூடம் யாருடைய இல்லம்? அதிகாரிகள் அந்தக் கடையின் விற்பனைக் கணக்கைப் புரட்டினால், அடுத்து அவர்கள் பார்க்கப் போகும் இடம் எது? தலைமையாசிரியர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"பெரிய நிறுவனத்திற்கு என்ன நட்டம்?"

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நம் ஐம்பது வெள்ளியால் ஏழையாகிவிடாது. அதை நான் மறுக்கவில்லை. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2018இல் வெளியிட்ட ஆய்வு, 2017இல் மலேசியக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 51 விழுக்காடு உரிமம் இல்லாதவை என்றது. 2011ஆம் ஆண்டிற்கு அதே அமைப்பு சொன்ன அளவு 55 விழுக்காடு. இவை விற்பவர் தரப்பின் கணக்குகள்; அவற்றை அப்படியே வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை. பாதிக்குப் பாதி கள்ளம் என்ற நிலையிலும் அந்த நிறுவனங்கள் செழித்தே வந்துள்ளன.

ஆனால் திருட்டுக்குப் பழகிய கை, பெரியவன் பொருள் எது, சிறியவன் பொருள் எது என்று பார்த்து எடுப்பதில்லை. இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கியவர். 'முரசு அஞ்சல்', 'இணைமதி' எழுத்துரு, 2005இல் வந்த 'செல்லினம்' என அவர் பணி தொடர்ந்தது. தமிழ்க் கணிமைக்கு மலேசியா தந்த கொடை என்று உலகத் தமிழர்முன் நாம் மார்தட்டிக்கொள்வது இத்தகைய உழைப்பைத்தான். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்களும் தமிழ்ச் செயலிகளும் விற்பனைப் பொருள்களாக இருந்த காலத்தில், குறுந்தட்டுக் குறுந்தட்டாகப் படியெடுத்துக் கைமாற்றிக்கொண்டவர்கள் யார்? அமெரிக்கர்களா? தமிழ் எழுத்துருவைத் தமிழரைத் தவிர வேறு யார் திருடப் போகிறார்கள்!

பெரிய நிறுவனம் திருட்டைத் தாங்கும். உலகச் சந்தையில் ஓரிடத்தில் இழந்ததை வேறிடத்தில் ஈட்டிக்கொள்ளும். தமிழுக்கு மென்பொருள் செய்பவருக்கு இருப்பது ஒரே சந்தை. அது நாம்தான். நாம் வாங்காவிட்டால் அவருக்கு வேறு வாசல் இல்லை. தமிழில் நல்ல எழுத்துப் பிழைதிருத்தி இல்லை, சிறுவர்க்கான தரமான கற்றல் செயலிகள் போதவில்லை என்று கருத்தரங்குகளில் குறைபட்டுக்கொள்கிறோம். அந்தக் குறைக்குக் காரணங்கள் பல. தமிழ்ப் பொருளுக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் வளராதது அவற்றுள் ஒன்று.

பயிற்சி நூல்களையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளிகளுக்குப் பயிற்சி நூல் எழுதுபவர்களில் பலர் நம்மைப் போன்ற ஆசிரியர்களே. ஒரு நூலை வாங்கி முப்பது படிகள் நகலெடுத்து வகுப்பு முழுவதற்கும் கொடுப்பதைச் சிக்கனம் என்று பாராட்டும் பள்ளிகள் உண்டு. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்படும் வரை, தேர்வு நெருங்கும் காலத்தில் நகலெடுக்கும் பொறிக்கு ஓய்வே இருந்ததில்லை. சில ஆயிரம் படிகள் விற்றால்தான் அடுத்த நூலை அச்சேற்ற முடியும் என்ற நிலையில் இருக்கும் தமிழ்ப் பதிப்பாளருக்கு, இப்படி நகலெடுக்கும் ஒவ்வொரு வகுப்பும் இழந்துபோன விற்பனைதான். கணினிக் கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நினைப்பவர்கள், நகல் பொறிக்கு முன் நிற்கும்போதும் அதே சட்டம் தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

"ஏழைப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?"

நான்கு கேள்விகளில் நெஞ்சைத் தொடுவது இதுவே. தோட்டப்புறத்திலிருந்தும் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்தும் வரும் பிள்ளையின் பெற்றோர் தவணை முறையில் பழைய கணினி ஒன்றை வாங்குகிறார்கள். உரிமம் பெற்ற மென்பொருளுக்கு மேலும் சில நூறு ரிங்கிட் கொடு என்றால் எங்கே போவார்கள்? 1990களில் இக்கேள்விக்கு விடை சொல்வது கடினம். கோலாலம்பூர் இம்பி வட்டாரத்துக் கடைகளில் கள்ளக் குறுந்தட்டுகள் குவிந்து கிடந்த அந்நாளில், அவற்றைத் தவிர வேறு வழி தெரியாதவர்கள் வாங்கினார்கள். அவர்களை இன்று குறைசொல்ல நான் வரவில்லை.

ஆனால், காலம் மாறிவிட்டது. சாக்கு மட்டும் மாறவில்லை. இன்று இருப்பவற்றைப் பட்டியலிட்டுப் பாருங்கள்.

எழுதுவதற்கும் கணக்கிடுவதற்கும் படைப்புகள் செய்வதற்கும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. 2010இல் தொடங்கப்பட்ட அது முற்றிலும் இலவசம். தமிழ் இடைமுகமும் உண்டு. படம் திருத்த கிம்ப் உண்டு. இயங்குதளமே வேண்டுமென்றால் உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் உள்ளன. நம் அரசாங்கமே பொதுத்துறையில் திறமூல மென்பொருளைப் பரப்ப 2004இல் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. தமிழில் தட்டச்சு செய்ய இ-கலப்பை, அழகி, என்.எச்.எம். ரைட்டர் என இலவசக் கருவிகள் 2000ஆம் ஆண்டுகளிலேயே வந்துவிட்டன. இன்றோ அவைகூடத் தேவையில்லை. விண்டோஸ் இயங்குதளத்திலேயே தமிழ்99, அஞ்சல் விசைமுகங்கள் உள்ளமைந்து வருகின்றன. நோட்டோ போன்ற தமிழ் எழுத்துருக்களைத் திறந்த உரிமத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கல்வியமைச்சு 2020 ஜூன் மாதத்தில் டெலிமா என்னும் கற்றல் தளத்தைத் தொடங்கியது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகிய மூன்றும் அதில் பங்காளிகள். அதன்வழி ஆசிரியருக்கும் மாணவருக்கும் கணக்குகள் வழங்கப்பட்டன. உரிமையோடு பயன்படுத்தத்தக்க ஆவணச் செயலியும் படைப்புச் செயலியும் அதிலேயே இருக்கின்றன. தம் பிள்ளைக்கு அப்படியொரு கணக்கு இருப்பதையே அறியாமல், ஆபீஸ் மென்பொருளுக்காகக் கடைக்காரரிடம் பணம் கொடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? ஆசிரியராகிய நாம் அல்லவா?

இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைப்பதை மறைத்து, திருட்டுப் பொருளை ஐம்பது வெள்ளிக்கு ஏழையின் தலையில் கட்டுபவர் ஏழைக்கு உதவுபவர் அல்லர். அந்த ஐம்பது வெள்ளியில் ஒரு காசுகூட மென்பொருளை உருவாக்கியவருக்குப் போவதில்லை. முழுவதும் கடைக்காரரின் பைக்கே போகிறது. நிறுவித் தருவதற்கான கூலி என்று அவர் சொல்லலாம். அந்தக் கூலியை லிப்ரே ஆபீஸ் நிறுவித் தந்தும் வாங்கலாமே! யாரும் தடுக்கவில்லை.

பிள்ளைகளின் தரவுகள் யார் கையில்?

கள்ள மென்பொருளின் பூட்டை உடைக்க ஒரு சிறு நிரலை ஓட்டுகிறார்கள். அதற்கு முன் நச்சுநிரல் தடுப்பியை அணைத்து வைக்கச் சொல்வது வழக்கம். அதன் பொருள் என்ன? முன்பின் அறியாத ஒருவனை வீட்டுக்குள் விடுவதற்காகக் காவல்நாயைக் கட்டிப் போடுகிறோம் என்பதுதான். வந்தவன் பூட்டை மட்டும் திறந்துவிட்டுப் போனானா, உள்ளேயே தங்கிவிட்டானா என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. கள்ளப் பதிப்பு என்பது வெளிப்பட்டுவிடும் என்று இற்றைப்படுத்தலையும் நிறுத்தி வைக்கிறார்கள்.

2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் பிணைநச்சுநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்னரே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே மாட்டிக்கொண்டன. இப்போது இன்னொரு நெருக்கடியும் சேர்ந்துள்ளது. விண்டோஸ் 10 பதிப்பிற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றில் முறையாக விண்டோஸ் 11 ஏறாது. "கவலை வேண்டாம், நான் ஏற்றித் தருகிறேன்" என்று சொல்ல அந்தக் கடை காத்திருக்கிறது.

பள்ளிக் கணினியில் நாம் எதை வைத்திருக்கிறோம்? பிள்ளைகளின் மைகிட் எண், முகவரி, பெற்றோரின் வருமானம், தேர்வு வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல். பெற்றோர் நம்மை நம்பிக் கொடுத்த தரவுகள் அவை. அவற்றைப் பூட்டுடைத்த கணினியில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. பெற்றோரும் பள்ளியைப் பார்த்து இக்கேள்வியைக் கேட்கலாம். கேட்க வேண்டும்.

"நம்மவரைக் காட்டிக் கொடுப்பதா?"

எட்டப்பன் என்ற பெயர் தமிழரிடையே வசைச்சொல்லாக நிலைத்துவிட்டது. காட்டிக் கொடுப்பவன் என்ற பழிக்கு நாம் அஞ்சுகிறோம். அந்த அச்சத்தில் ஒரு நல்ல பண்பு இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். சிறுபான்மையினராக வாழும் சமுதாயத்தில் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இருப்பதே பலம். ஆனால் காட்டிக் கொடுத்தல் என்றால் என்ன? நம்பி வந்தவரின் மறைவைப் பகைவரிடம் விற்பது. கடைத்தெருவில் பட்டப்பகலில் நடக்கும் வணிகத்தில் மறைவு எங்கே இருக்கிறது? நாட்டின் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அமைச்சு எப்படி நமக்குப் பகையாகும்?

நம்மவர், நம்மவர் என்கிறோம். அதே தெருவில் உரிமம் பெற்ற மென்பொருளை மட்டும் விற்று, விலைப்போட்டியில் தோற்றுக் கடையை மூடும் இளைஞரும் நம்மவரே. பயிற்சி நூல் எழுதியவரும் நம்மவரே. தமிழ்ச் செயலி செய்பவரும் நம்மவரே. நம் நாட்டுக் கலைஞர்கள் கடன்பட்டு வெளியிட்ட பாடல் குறுந்தட்டுகளைப் படியெடுத்துச் சந்தையில் பரப்பியபோது நசுங்கிப் போனவர்களும் நம்மவரே. கள்ளம் செய்பவரை மட்டும் நம்மவராகவும், கள்ளத்தால் அழிபவரை அயலாராகவும் எண்ணும் இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. நன்கொடையாக வரும் கிண்ணத்தின் பளபளப்பு நம் கண்ணைக் கூசச் செய்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

வெகுமதிக்காக முறையிடுவோர்

மறுபக்கத்திலும் சிலர் இருக்கிறார்கள். கண்டவுடன் புகார் எழுது, கடையை மூடு என்பவர்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 2000ஆம் ஆண்டுகளில் உரிமம் இல்லா மென்பொருளைப் பற்றித் தகவல் கொடுப்போருக்குப் பண வெகுமதி அறிவிக்கப்பட்டதை அறிவோம். வெகுமதிக்காகவோ, பொறாமையாலோ, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தலில் ஏற்பட்ட பகையாலோ முறையிடுவது ஆசிரியருக்கு அழகன்று. அப்படிப்பட்டவரின் கையில் சட்டம் பழிவாங்கும் கருவியாகிவிடும். ஒரு படிக்கு 2,000 ரிங்கிட் என்ற தண்டம் ஒரு குடும்பத்தையே தெருவுக்குக் கொண்டுவரும் என்பதை அறிந்தவர், எச்சரிக்கை ஒன்றுகூடச் சொல்லாமல் அதை ஏவிவிட மாட்டார்.

செய்ய வேண்டியது என்ன?

முதற்கடமை, நம் வீட்டைத் தூய்மைப்படுத்துவது. பள்ளியிலுள்ள ஒவ்வொரு கணினியிலும் என்னென்ன நிறுவப்பட்டுள்ளன, எதற்கு உரிமம் உண்டு என்று பட்டியல் எடுங்கள். ஒரு பள்ளி விடுமுறையில் முடிந்துவிடும் வேலை. உரிமம் இல்லாதவற்றை நீக்கி, இலவசமானவற்றை நிறுவுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து, டெலிமா கணக்கை எப்படிப் பயன்படுத்துவது என்று பெற்றோருக்குச் செய்துகாட்டுங்கள். கள்ளக் கணினியில் தட்டச்சு செய்த புகார்க் கடிதத்தை விடக் கேலிக்குரியது வேறொன்று இருக்க முடியாது.

இரண்டாம் கடமை, கடைக்காரரை நேரில் கண்டு பேசுவது. தனியாகப் போக வேண்டாம். தலைமையாசிரியரோ சங்கத் தலைவரோ உடன் செல்லட்டும். "ஐயா, இனிப் பள்ளிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் கள்ள மென்பொருள் வேண்டாம். இலவச மென்பொருள்களை நிறுவித் தாருங்கள்; அதற்குரிய கூலியைத் தருகிறோம். விற்பனையை நிறுத்த இரண்டு மாதம் போதுமா?" என்று மரியாதையோடும் தெளிவோடும் கேளுங்கள். அதையே ஒரு கடிதமாகவும் நாளிட்டுக் கொடுங்கள். சட்டத்தின் தண்டனை இன்னதென்று எடுத்துக் காட்டுங்கள். பல வணிகர்கள் இந்த இடத்திலேயே திருந்திவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. வாடிக்கையாளர் கேட்பதைத்தான் வணிகர் விற்கிறார். கேட்பது மாறினால் விற்பதும் மாறும்.

இவ்விரண்டும் செய்த பின்னும் விற்பனை தொடர்ந்தால், முறையிடுங்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுதான் இதற்குரிய இடம். நாள், விற்கப்பட்ட பொருள், கொடுத்த பணம், பற்றுச்சீட்டு ஆகிய உறுதியான செய்திகளை மட்டும் எழுதுங்கள். காதில் விழுந்ததை எழுதாதீர்கள். வாங்கிய பெற்றோரின் பெயர்களை இழுக்காதீர்கள். முறையீடு விற்பவர்மீது மட்டுமே. வெகுமதி கிடைப்பதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமலாக்கத் துறையிடம் குற்றத்தைத் தெரிவிப்பவரின் அடையாளத்தைக் காக்க 2010ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆயினும் முன்கூட்டியே எச்சரித்த பிறகு, முறையிட்டவர் யார் என்று ஊகிப்பது கடைக்காரருக்குக் கடினமாக இராது. கோயிலிலும் திருமணத்திலும் அவரைப் பார்க்க நேரிடும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கிண்ணங்களுக்கான நன்கொடையும் நின்றுபோகும். இந்த விலையைத் தெரிந்தே கொடுக்க அணியமாக இருக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் ஒருவர் நாளை மென்பொருள் எழுதுவார். ஒருவர் நூல் எழுதுவார். ஒருவர் பாடல் இசைப்பார். ஒருவர் கடை வைப்பார். உழைத்து உருவாக்கியவருக்கு உரியதைக் கொடுத்துப் பழகாத ஊரில் முதல் மூவரும் பிழைக்க முடியாது. நான்காமவர் திருடாமல் பிழைக்க முடியாது. நால்வரும் நம் மாணவர்களே. நால்வருக்கும் நேர்மையாக வாழ இடமுள்ள ஓர் ஊரை விட்டுச் செல்வது நன்னெறிக் கல்விப் பாடத்தின் ஒரு பகுதிதான். அதற்கு நேர அட்டவணையில் தனிப் பாடவேளை இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன், உங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தின் பட்டியலைக் கையில் எடுங்கள், ஆசிரியர்களே. உங்கள் பிள்ளையின் மடிக்கணினியில் இருப்பவை எவை என்று இன்றிரவே கேளுங்கள், பெற்றோர்களே. சிந்திப்போம், செயல்படுவோம்.

வாழ்க தமிழ்!